ஆடுகளத்தில் மூளை அதிர்ச்சி: பதின்வயதினர் மீண்டு வரும் படிகள்

கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சி, தலையில் நேராக அடி விழுந்தால் மட்டும் வருவதில்லை. கபடியில் பாடிப் போன பையனை நாலு பேர் சேர்ந்து மடக்கிப் பிடித்து மல்லாக்கத் தள்ளும்போது, முதுகு தரையில் மோதிக் கழுத்து வெடுக்கென்று பின்னுக்குப் போனாலே போதும். தலை தரையைத் தொட்டிருக்க வேண்டியதுகூட இல்லை. மண்டையோட்டுக்குள் நீர் சூழ்ந்திருக்கும் மூளை அந்த வேகத்தில் முன்னும் பின்னும் அசைகிறது, சற்றே முறுக்கிக்கொள்கிறது. நுண்ணிய நரம்பு இழைகள் இழுபடுகின்றன. செல்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. இவற்றை மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுபோகச் செல்கள் வழக்கத்தைவிட அதிகமான சக்தியைச் செலவழிக்கின்றன. அந்தச் சக்தியைக் கொண்டுவர வேண்டிய இரத்த ஓட்டமோ அதே நாட்களில் குறைந்துபோகிறது. வரவு சுருங்கிய மாதத்தில் செலவு கூடிவிட்ட வீட்டின் நிலைதான் மூளைக்கு. தலைவலி, தலைச்சுற்றல், வெளிச்சம் கூசுதல், படித்தது மனதில் நிற்காமை, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் இந்தப் பற்றாக்குறையின் வெளிப்பாடுகள்.

செல்களின் இயக்கத்தில் ஏற்படும் கோளாறு என்பதால் சி.டி. ஸ்கேனிலும் வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்திலும் இது பெரும்பாலும் தெரியாது. ஸ்கேன் எடுப்பதே மண்டையோட்டு விரிசலும் மூளைக்குள் இரத்தக் கசிவும் இல்லையென்று உறுதி செய்துகொள்ளத்தான். “ஸ்கேன் நார்மல்” என்று மருத்துவர் சொன்னால் உயிருக்கு ஆபத்தில்லை என்று பொருள். மறுநாள் மைதானத்துக்குப் போகலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. மாவுக்கட்டோ தையலோ இல்லாத இந்தக் காயத்தை அளக்கப் பெரும்பாலும் கைவசம் இருப்பது, அடிபட்ட பிள்ளை தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் வார்த்தை மட்டுமே. அந்த வார்த்தை உண்மையாக வர வேண்டுமானால், சொல்வதால் அணியில் இடம் போய்விடும், திட்டு விழும் என்ற பயம் பிள்ளைக்கு இருக்கக் கூடாது. குணமாதலின் ஒவ்வொரு கட்டமும் இதைப் பொறுத்தே அமைகிறது.

முதல் ஒரு மணி நேரம்

நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்ற எண்ணம் மைதானங்களில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. உண்மையில் பத்தில் ஒருவருக்குக்கூட நினைவு தப்புவதில்லை. கவனிக்க வேண்டியவை வேறு: எழுந்தவன் தள்ளாடுகிறானா, வெறித்துப் பார்க்கிறானா, கேட்ட கேள்விக்குத் தாமதித்துப் பதில் சொல்கிறானா, எதிரணிப் பக்கம் போய் நிற்கிறானா, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறானா என்று பார்க்க வேண்டும்.

பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுச் சோதிப்பதில் பயனில்லை, குழம்பிய மூளையும் அவற்றைச் சரியாகச் சொல்லிவிடும். ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர்களிடம் ஆய்வு செய்து டேவிட் மேடக்ஸ் குழுவினர் 1995-ல் வெளியிட்ட கேள்விகள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. நாம் இருப்பது எந்த மைதானம்? இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன ஆட்டம் எந்த அணியோடு? அதில் ஜெயித்தோமா? அண்மை நினைவைத் தொடும் இவற்றில் ஒன்று தடுமாறினாலும் பிள்ளையை வெளியே உட்கார வைத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் வந்தாலும் தலைவலியோ தலைச்சுற்றலோ இருந்தால் ஆட்டம் அன்றைக்கு முடிந்தது. சந்தேகம் இருந்தாலே வெளியேற்றுவது என்பது உலக விளையாட்டு மருத்துவர்கள் ஒருமனதாக ஏற்ற விதி. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இதில் விதிவிலக்கே கிடையாது.

விழுந்தவனைச் சுற்றிக் கூட்டம் கூடி, முகத்தில் தண்ணீர் அடித்து, இரண்டு பக்கமும் தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்து, வாயில் சோடாவை ஊற்றுவது பல ஊர்களில் இன்றும் நடக்கிறது. நல்ல மனதோடு செய்யப்படும் இந்த உதவி பேராபத்தாகிவிடலாம். கழுத்தெலும்பு பாதிக்கப்பட்டிருந்தால் தூக்கி உட்கார வைக்கும் அந்த ஒரு நொடியில் தண்டுவடம் சிதையலாம். அரைமயக்கத்தில் ஊற்றிய நீர் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். கழுத்து வலிக்கிறது என்றாலோ, கைகால் மரத்திருக்கிறது என்றாலோ, நினைவு இல்லையென்றாலோ, மூச்சு சீராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, தலையை அசையாமல் பிடித்தபடி 108-க்கு அழைக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் தேவைப்படும் அறிகுறிகள் இன்னும் சில உண்டு. வாந்தி மீண்டும் மீண்டும் வருதல், தலைவலி நேரம் ஆக ஆகக் கூடுதல், வலிப்பு, பேச்சு குழறுதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாக இருத்தல், காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல், எழுப்ப எழுப்ப மயங்கிப்போதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

அறிகுறிகள் உடனே வராமலும் போகலாம் என்பதற்கு ஊரறிந்த எடுத்துக்காட்டு ஸ்டீவ் ஸ்மித். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஜோப்ரா ஆர்ச்சரின் பந்து கழுத்தில் தாக்கி விழுந்த அவர், வெளியே போய்ச் சோதனைகளில் தேறி, திரும்பி வந்து ஆடி 92 ரன் வரை சேர்த்தார். மறுநாள் காலைதான் அறிகுறிகள் தலைகாட்டின. அந்த ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார், அடுத்த டெஸ்ட்டும் ஆடவில்லை. அவருக்குப் பதிலாக இறங்கிய மார்னஸ் லபுஷேன், டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் மாற்று வீரர். அணி மருத்துவர் பக்கத்திலேயே இருக்கும் ஆட்டத்திலேயே இப்படி என்றால், மருத்துவரே இல்லாத பள்ளி மைதானத்தில் பிள்ளையை அன்று முழுக்கக் கண்காணிப்பது எவ்வளவு அவசியம் என்பது விளங்கும். தொடர்ந்து ஆடுவதற்கு விலையும் உண்டு. அடிபட்டதும் வெளியேறிய இளம் வீரர்கள் சராசரியாக 22 நாளில் குணமாக, அறிகுறியோடு ஆட்டத்தைத் தொடர்ந்தவர்களுக்கு 44 நாள் பிடித்தது என்று 2016-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. கால்மணி நேரம் கூடுதலாக ஆடியதற்கு மூன்று வாரம் போகிறது.

முதல் இரண்டு நாள்

தலையில் அடிபட்டவரைத் தூங்க விடக் கூடாது என்பது வீட்டுப் பெரியவர்களின் உறுதியான நம்பிக்கை. மருத்துவர் பார்த்து, ஆபத்து அறிகுறி இல்லையென்று சொன்ன பிறகு, தூக்கம்தான் முதல் மருந்து. இரவு முழுக்க மணிக்கொரு தரம் எழுப்பினால் குணமாவது தள்ளிப்போகும். முதல் இரவு பெரியவர் ஒருவர் அதே அறையில் படுத்து, மூச்சும் அசைவும் இயல்பாக இருக்கின்றனவா என்று கவனித்தால் போதும். எழுப்பிப் பார்க்கும்படி மருத்துவர் குறிப்பாகச் சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி நடக்கலாம்.

வலிக்குப் பாரசிட்டமால், வயதுக்கும் எடைக்கும் உரிய அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் இரத்தக் கசிவைக் கூட்டும் என்ற ஐயம் இருப்பதால் முதல் 48 மணி நேரம் அவற்றைத் தவிர்ப்பது வழக்கம். பாரசிட்டமாலையும் வாரக்கணக்கில் தினமும் போட்டுக்கொண்டே இருந்தால் மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். சைக்கிள், ஸ்கூட்டி இரண்டுக்கும் தடை. சமநிலையும் கவனமும் குறைந்திருக்கும்போது சாலையில் இன்னொரு விழுதல் நேர்ந்தால் நிலைமை மோசமாகும்.

செல்போன் விஷயத்தில் முன்பு கருத்து மட்டுமே இருந்தது, இப்போது சான்று இருக்கிறது. 12 முதல் 25 வயதுள்ளவர்களிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. முதல் 48 மணி நேரம் திரையைத் தொடாதவர்களுக்குப் பொதுவாக மூன்றரை நாளில் அறிகுறிகள் தீர்ந்தன. விருப்பம்போல் பார்த்தவர்களுக்கு எட்டு நாள் ஆனது. போனை வாங்கி வைப்பது தண்டனையாகத் தோன்றாமல் இருக்க, எந்த நாள் எத்தனை மணிக்குத் திருப்பித் தரப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சொன்ன நேரத்தில் திருப்பித் தரவும் வேண்டும். நண்பர்களோடு உள்ள தொடர்பு நீண்ட நாள் அறுந்தால் வரும் மனச்சோர்வு, மூளை அதிர்ச்சியின் அறிகுறிகளோடு கலந்து இரண்டையும் பிரித்தறிய முடியாமல் செய்துவிடும்.

இதே காரணத்தால்தான் இருட்டறை ஓய்வை மருத்துவம் கைவிட்டது. ஜன்னலை மூடி, புத்தகமும் பேச்சும் இல்லாமல் நாட்கணக்கில் படுக்க வைப்பதுதான் பாதுகாப்பு என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. அமெரிக்காவின் மில்வாக்கியில் 11 முதல் 22 வயதுள்ள 88 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2015-ல் வெளியான முடிவின்படி, ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வு எடுத்தவர்கள், ஓரிரு நாள் ஓய்வெடுத்துப் படிப்படியாக நடமாடத் தொடங்கியவர்களைவிட அதிகமான அறிகுறிகளைச் சொன்னார்கள், குணமாகவும் கூடுதல் நாள் பிடித்தது. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக விளையாட்டு மருத்துவ வல்லுநர் மாநாடும் இதையே உறுதி செய்தது: ஒன்றிரண்டு நாள் அளவான ஓய்வு போதும். வீட்டுக்குள் நடப்பது, குளிப்பது, தட்டு கழுவி வைப்பது, தெருமுனை வரை போய்வருவது எல்லாம் அந்த இரண்டு நாளிலேயே செய்யலாம். பாட்டுக் கேட்பதும் பாட்டியோடு பேசிக்கொண்டிருப்பதும்கூட ஓய்வில் அடங்கும்.

பள்ளிக்குத் திரும்புதல்

படிப்பு முதலில், ஆட்டம் பிறகு என்பது மீட்சியின் வரிசை. முழு நாள் வகுப்பில் உட்கார முடியாத பிள்ளை மைதானத்தில் முழுமையாக ஆட இறங்கக் கூடாது.

வீட்டில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கால்மணி என்று வாசிப்பைக் கூட்டிப் பார்ப்பது தொடக்கம். அளவுகோல் எளிது. தொடங்குமுன் தலைவலி பத்துக்கு எத்தனை என்று பிள்ளை ஓர் எண் சொல்ல வேண்டும். வேலையின் நடுவே அந்த எண் தொடக்கத்தில் சொன்னதைவிட இரண்டுக்கு மேல் கூடினால் நிறுத்திவிட வேண்டும். இரண்டு வரை கூடி, ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கினால் பயப்பட வேண்டாம், அது மூளைக்குக் கேடு செய்வதில்லை. லேசான வலிக்கெல்லாம் எல்லாவற்றையும் நிறுத்துவதும், வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பதும் ஒரே அளவு தவறு.

அரை மணி, முக்கால் மணி வாசிப்பு தாங்கிய பிறகு அரை நாள் பள்ளி. அங்கே எது சிரமம் என்பதைப் பெரியவர்கள் எளிதில் ஊகிக்க முடியாது. கரும்பலகையைப் பார்த்து நோட்டில் எழுதுவதையே எடுத்துக்கொள்ளலாம். கண் தூரத்தில் நிலைத்து, உடனே அரை அடி தூரத்துக்குத் திரும்பி, மறுபடி நிமிர வேண்டும். ஒரு பாடவேளையில் இது நூறு தடவைக்கு மேல் நடக்கும். மூளை அதிர்ச்சிக்குப் பின் இரண்டு கண்ணையும் கிட்டத்தில் ஒருசேரக் குவிக்கும் திறன் பலருக்குக் குறைகிறது. எழுத்துகள் அசைகின்றன, நெற்றி வலிக்கிறது, குமட்டல் வருகிறது. வெளியிலிருந்து பார்க்கும் ஆசிரியருக்குப் பையன் எழுதாமல் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும். நோட்டின் நகலைத் தோழர்களிடமிருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, கேட்டால் மட்டும் போதும் என்று சொன்னால் பாதிச் சிக்கல் தீரும். வெயிலில் நிற்கும் காலைப் பிரார்த்தனைக் கூட்டம், மதிய உணவு நேரத்து இரைச்சல், குலுங்கும் பேருந்தில் நின்றபடி பயணம் ஆகிய மூன்றும் அறிகுறிகளைத் தூண்டக்கூடியவை. இவற்றிலிருந்து சில நாள் விலக்குக் கேட்பது சலுகை கோருவதாகாது.

டியூஷனை முதலில் நிறுத்திக் கடைசியில் தொடங்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பிப் படிக்க வைக்கும் வழக்கத்துக்கும் விடுமுறை தேவை. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் இதை ஏற்பது பெற்றோருக்குக் கடினமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வாரத் தேர்வுகளைத் தள்ளிப்போடச் சொல்லி வகுப்பாசிரியரிடம் மருத்துவச் சான்றோடு பேசுவது, தேறாத மூளையோடு மூன்று மணி நேரத் தேர்வை எழுத வைத்து அறிகுறிகளை நீட்டிப்பதைவிட மேல். பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். வளர்ந்துகொண்டிருக்கும் மூளை என்பதால் வயது வந்தவர்களுக்கு ஆவதைவிட இவர்களுக்குச் சற்று அதிக நாள் பிடிக்கிறது. பெண் பிள்ளைகளுக்கும், ஏற்கெனவே ஒற்றைத் தலைவலியோ மனப்பதற்றமோ உள்ளவர்களுக்கும், முதல் நாட்களில் அறிகுறிகள் கடுமையாக இருந்தவர்களுக்கும் இன்னும் கூடலாம்.

உடற்பயிற்சியே மருந்து

அறிகுறி முழுதாகப் போகும் வரை உடம்பை அசைக்கக் கூடாது என்பதும் பழைய கருத்தாகிவிட்டது. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜான் லெடி குழுவினர் 13 முதல் 18 வயதுள்ள 103 வீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் அளவான வேகத்தில் தினமும் இருபது நிமிடம் நடந்தார்கள் அல்லது சைக்கிள் மிதித்தார்கள், மற்றவர்கள் கைகால் நீட்டி மடக்கும் லேசான பயிற்சி செய்தார்கள். 2019-ல் வெளியான முடிவு: முதல் பிரிவினர் 13 நாளிலும், மற்றவர்கள் 17 நாளிலும் தேறினார்கள்.

அளவான வேகம் எது என்பதை நாடித்துடிப்பு சொல்லும். 220-லிருந்து வயதைக் கழித்தால் தோராயமான உச்சத் துடிப்பு. பதினாறு வயதுக்கு 204. தொடக்கத்தில் அதில் 55 விழுக்காடு, அதாவது நிமிடத்துக்கு 112. மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி எண்ணினால் 28 துடிப்பு. இந்த எல்லைக்குள் நடந்து, தலைவலி எண் இரண்டுக்கு மேல் கூடவில்லையென்றால், அடுத்து 70 விழுக்காடு வரை போகலாம்: நிமிடத்துக்கு 143, பதினைந்து நொடிக்கு ஏறத்தாழ 36. ஜிம்மில் நின்று மிதிக்கும் சைக்கிள் இதற்கு மிகவும் ஏற்றது. அது இல்லாதவர்களுக்குக் காலை வேளையில் சமதரையில் வேக நடை போதும். உச்சி வெயில் வேண்டாம், நீரிழப்பினால் வரும் தலைவலி கணக்கைக் குழப்பிவிடும்.

களத்துக்குத் திரும்பும் படிகள்

ஆம்ஸ்டர்டாம் மாநாடு வகுத்த பாதையில் ஆறு படிகள் உள்ளன. அன்றாட நடமாட்டம் முதல் படி, மேலே சொன்ன நடையும் சைக்கிளும் இரண்டாவது. மூன்றாவது படியில் பிள்ளை தனியாக மைதானத்துக்கு வரலாம், ஓடலாம், திசை மாற்றி ஓடிப் பழகலாம். இன்னொருவரோடு மோதவோ தலையில் பந்து படவோ வாய்ப்பே இருக்கக் கூடாது. கிரிக்கெட்டில் வலைக்கு வெளியே எல்லைக்கோட்டோர ஓட்டம், கால்பந்தில் தலையால் முட்டாமல் பந்தைக் கடத்துதல், கபடியில் ஆளில்லாத களத்தில் கால்வைப்புப் பழக்கம் இந்தப் படியில் அடங்கும்.

இதற்கு மேலே ஏறுமுன் இரண்டு நிபந்தனைகள். ஓடியாடும்போதுகூட அறிகுறி எதுவும் இருக்கக் கூடாது. மருத்துவரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். போட்டிக்கு முந்தைய நாள் இந்த ஒப்புதலுக்காக மருத்துவரை நெருக்குவது பயிற்சியாளரின் வேலை அல்ல. அதன் பிறகு நான்காவது படியில் அணியோடு மோதலில்லாத பயிற்சி, ஐந்தில் முழுப் பயிற்சி, ஆறில் போட்டி. ஒவ்வொரு படிக்கும் இடையே குறைந்தது 24 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். நான்காவது படியிலிருந்து அறிகுறி திரும்பினால் மூன்றாவதற்கு இறங்கி, அது தீர்ந்த பிறகே மறுபடி ஏற வேண்டும். அடித்தள விளையாட்டுக்கென 2023-ல் வெளியான பிரிட்டிஷ் வழிகாட்டி இன்னும் கண்டிப்பானது. அறிகுறியில்லாத 14 நாள் கழிந்த பிறகே மோதல் உள்ள பயிற்சி, அடிபட்ட நாளிலிருந்து 21 நாளுக்கு முன் போட்டி இல்லை. பள்ளியில் விளையாட்டு மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ இல்லாத இடங்களுக்கு இந்த எளிய நாள்கணக்குத்தான் பாதுகாப்பானது.

நான்கு வாரம் கடந்தும் தீராவிட்டால்

இன்னும் ஓய்வெடுத்தால் சரியாகும் என்று காத்திருப்பதை இங்கே நிறுத்த வேண்டும். எது நீடிக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் வழி கிடைக்கும். தலையைத் திருப்பினால் சுற்றுகிறதென்றால் உட்காதின் சமநிலை உறுப்புக்கான பிசியோதெரபி உண்டு. பின்தலையில் தொடங்கும் வலி பல நேரம் கழுத்துத் தசையிலிருந்து வருவது. படிக்கும்போது மட்டும் வலித்தால் கண்குவிப்புப் பயிற்சி. குமட்டலோடு துடிக்கும் வலிக்கு ஒற்றைத் தலைவலி மருத்துவம். தூக்கம் வராமை, அழுகை, யாரோடும் பேசப் பிடிக்காமை இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அணியை இழந்த சோகம்தானே என்று ஒதுக்கிவிடக் கூடாது, வாழவே பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

இரண்டாவது அடி

முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால், அரிதாக, மூளை சட்டென்று வீங்கிவிடுகிறது. பதிவான நிகழ்வுகளில் பெரும்பான்மை பதின்வயதினரும் இளைஞர்களும்தான். 2006-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயது சாக்கரி லிஸ்டெட், அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் முதல் பாதியில் தலையில் அடிபட்டு, இரண்டாம் பாதியில் மறுபடி ஆட இறங்கி, ஆட்டம் முடிந்ததும் சரிந்தான். உயிர் பிழைத்தாலும் பேச்சையும் நடையையும் ஆண்டுக்கணக்கில் பயில வேண்டியதாயிற்று. அவன் பெயரால் 2009-ல் வந்த சட்டத்தைப் பின்பற்றி, 2014-க்குள் ஐம்பது மாநிலங்களும் இளம் வீரர்களின் மூளை அதிர்ச்சி குறித்துச் சட்டம் இயற்றின. 2013-ல் கனடாவின் ஒட்டாவாவில் ரக்பி ஆடிய 17 வயது ரோவன் ஸ்ட்ரிங்கர், சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்ப அடிபட்டு இறந்தாள். தலைவலி இருப்பதைத் தோழியிடம் குறுஞ்செய்தியில் சொல்லியிருந்தாள், பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் தெரியவில்லை. ஒன்டாரியோ மாகாணத்தின் ரோவன் சட்டம் 2018-ல் நிறைவேறியது. அணித்தோழனின் தலைவலியைப் பயிற்சியாளரிடம் சொல்வது கோள் சொல்வதல்ல என்பதை, பருவம் தொடங்கும் முன்பே எல்லா வீரர்களையும் உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும்.

ஹெல்மெட் மண்டையோடு உடைவதைத் தடுக்கும், உள்ளே மூளை அசைவதை முழுதாகத் தடுக்காது. எனவே தலைக்கவசம் போட்டிருந்தான் என்பது ஆட்டத்தைத் தொடரக் காரணமாகாது. எத்தனை முறை அடிபட்டால் விளையாட்டை விட்டுவிட வேண்டும் என்பதற்கு ஓர் எண் கிடையாது. ஒவ்வொரு முறையும் குறைந்த அடிக்கே அறிகுறி வருகிறதா, தேறும் நாட்கள் நீள்கின்றனவா, மதிப்பெண்ணும் சுபாவமும் மாறியிருக்கின்றனவா என்று பார்த்தே மருத்துவரும் குடும்பமும் முடிவெடுக்கிறார்கள். அதற்குப் பழைய விவரம் தேவை. அடிபட்ட தேதி, எப்படி விழுந்தது, என்னென்ன அறிகுறி, முழு நாள் பள்ளிக்குத் திரும்பியது எப்போது, போட்டிக்குத் திரும்பியது எப்போது என்று ஒரு பக்கத்தில் எழுதி, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டோடு சேர்த்து வைத்து, பள்ளி மாறும்போதும் கல்லூரி அணியில் சேரும்போதும் புதிய பயிற்சியாளரிடம் ஒரு நகல் கொடுக்க வேண்டும்.